"உம்" தேயும் வரை

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. கைப்பேசியில் எஞ்சியிருந்த சார்ஜை அவசரத்துக்கு வேண்டும் என்று அணைத்து வைத்துவிட்டோம். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. யார் வீட்டு மாடியிலிருந்தோ பெயர்ந்த தகரம் ஒன்று உருளும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அப்போது நான்கு வயது நிரம்பியிருந்த என் மகளுக்குப் புயலைவிட, கைப்பேசியில் வழக்கமாக ஓடும் கதைக் காணொளி இல்லாததுதான் பெரிதாகத் தெரிந்தது. அது இல்லாமல் அவள் ஏறக்குறைய ஓராண்டாகத் தூங்கியதே இல்லை. அழுது, கால்களை உதைத்து, என் கையைத் தள்ளிவிட்டு, மறுபடி அதே கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிப்காட்டில் பணிக்குச் சென்றிருந்த என் கணவர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அந்த இருட்டில் என் வாயில் தானாக வந்தது, குறிஞ்சிப்பாடியில் என் ஆயா, அதாவது பாட்டி, சொன்ன, பெயர் மறந்த ஈயின் கதை. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. அது கன்றுக்குட்டியிடம் போய்த் தன் பெயர் என்னவென்று கேட்கிறது. கன்று தாய்ப்பசுவைக் கேட்கச் சொல்கிறது; பசு இடையனைக் கேட்கச் சொல்கிறது; இடையன் கையிலிருக்கும் கோலையும், கோல் தான் முறிந்து வந்த மரத்தையும், மரம் தன் கிளையில் நிற்கும் கொக்கையும், கொக்கு தான் குளிக்கும் குளத்தையும், குளம் தன்னிலுள்ள மீனையும் காட்டிவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஈ, கன்றிலிருந்து தொடங்கி எல்லாரையும் வரிசையாக அழைத்துவிட்டுத்தான் புதியவரிடம் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு குதிரை கனைக்கும் ஓசையில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். முதல் சுற்றில் என் மகள் அழுகையை நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் அழுகைக்கு நடுவே, "அப்புறம்?" என்றாள். மரம் வந்தபோது "உம்" கொட்டத் தொடங்கியிருந்தாள். குளத்தருகே வந்தபோது அந்த "உம்" மூச்சோடு கலந்துவிட்டது. அன்று குதிரை வரவே இல்லை.

நான் சிறுமியாக இருந்தபோதும் எங்கள் வீட்டில் குதிரை வந்த இரவுகள் மிகக் குறைவு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பகலில், திண்ணையில் உட்கார்ந்து அதே கதையை ஆயா சொன்னால் குதிரை பலமாகக் கனைக்கும், நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம். இரவில் அவர் கதையை முடிக்க முயன்றதே இல்லை. கதைக்கு முன்பாக நாங்கள் முடிய வேண்டும் என்பதே அவர் கணக்கு.

குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குக் கதை சொல்வதைப் பற்றி எனக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டியது இதுதான். இரவுக் கதையின் வேலை வேறு, பகல் கதையின் வேலை வேறு. இன்றைய பெற்றோரில் பலரும், ஒரு காலத்தில் நானும், இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம். பகல் கதை குழந்தையின் கண்ணை அகலத் திறக்க வைக்க வேண்டும். திருப்பம், சிரிப்பு, பயம், கேள்வி எல்லாம் அதில் இருக்கலாம். இரவுக் கதையோ ஏணை என்னும் துணித் தொட்டிலைப் போல ஒரே அளவில் ஆடி, ஆட்டம் சிறிது சிறிதாகக் குறைந்து, நின்றது தெரியாமல் நிற்க வேண்டும். குழந்தை கண்ணயர்ந்துவிட்டது என்று ஏணைக் கயிற்றை வெடுக்கென்று பிடித்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்து ஆயாக்கள் எல்லாருக்கும் தெரியும். கதையை நடுவில் சட்டென்று நிறுத்தினாலும் அதே விளைவுதான். குரல் முதலில் தணிய வேண்டும், பிறகு சொற்களுக்கு நடுவே இடைவெளி நீள வேண்டும், அதன் பிறகுதான் மௌனம்.

இதற்கு அளவுகோலாக நம் பாட்டிமார் வைத்திருந்தது "உம்" கொட்டுதல். கதை கேட்பவர் "உம்" கொட்ட வேண்டும் என்பது வெறும் மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு குழந்தையின் அருகில் படுத்துத் தினமும் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பளிச்சென்று வரும். பிறகு இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை வரும். பிறகு நீங்கள் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்து, வேறெங்கிருந்தோ வருவதுபோல வரும். கடைசியில் உதடு அசையாமல் தொண்டையில் மட்டும் ஒரு சிறு ஓசை எழும். விளக்கில்லாத அறையில் குழந்தையின் முகத்தைப் பார்க்காமலேயே, அது தூக்கத்தின் எந்தப் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த ஓசை சொல்லிவிடும். கதை சொல்பவர் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் குரலைத் தணிக்கிறார்.

இந்தக் காரணத்தால்தான் காணொளிக் கதையை நான் எதிர்க்கிறேன். திரைவெளிச்சம் கெடுதல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதன் வழிமுறையைத் தெரிந்துகொள்வது நல்லது. இருட்டத் தொடங்கியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற சுரப்பை வெளியிட்டு, உடலுக்கு இரவு வந்துவிட்டதை அறிவிக்கிறது. கண்ணில் வெளிச்சம் படப்பட அது குறைகிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயது வரையுள்ள 10 குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருந்த குழந்தைகளுக்கு மெலடோனின் சராசரியாக 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்துச் சுமார் 50 நிமிடங்கள் ஆன பிறகும் அது பெரும்பாலானவர்களுக்கு மீளவில்லை. அது கைப்பேசித் திரையைவிடப் பிரகாசமான ஒளி, ஆய்வில் பங்கேற்ற குழந்தைகளும் சிலரே என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சிறு குழந்தையின் கண் வெளிச்சத்தால் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகிறது என்பது அதில் தெரிகிறது.

வெளிச்சமே வராத ஒலிக்கதை பரவாயில்லை என்பார்கள். திரையைவிட அது மேல்தான், மறுக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கும் இரவுப் பணியிலிருக்கும் தந்தைக்கும் அது ஓர் உதவி. ஆனால் பதிவு செய்த குரலுக்குக் காது இல்லை. குழந்தையின் "உம்" தேய்ந்துவிட்டதா, இன்னும் தெளிவாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. விழித்திருக்கும் குழந்தைக்கும் பாதி உறங்கிவிட்ட குழந்தைக்கும் அது ஒரே வேகத்தில், ஒரே உரத்தில் சொல்லிக்கொண்டு போகும். முடிந்ததும் அடுத்த கதைக்கு இசையை முழக்கும்.

தூக்கத்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3, 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பகல் தூக்கமும் இதில் அடக்கம். எங்கள் தெருவில் பள்ளி வேன் காலை ஏழரை மணிக்கு வந்துவிடுகிறது. ஆறரைக்குக் குழந்தையை எழுப்ப வேண்டுமென்றால், பகலில் தூங்காத பிள்ளை இரவு எட்டரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அது நடக்கிறது? தொடர் முடிந்து, சாப்பாடு முடிந்து, கைப்பேசியும் முடிந்து பத்தரைக்குத்தான் படுக்கிறோம். மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தையைப் பிடிவாதக்காரி என்று திட்டுகிறோம். என் மகளை நான் அப்படித் திட்டிய காலைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

திரையை விட்டுவிட்டுக் கதைக்கு வந்த பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில், இரவில் கதை சொன்ன பிறகு குழந்தையிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள், நீதியை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள், அறிவு வளரும் என்று அறிவுரை சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நானும் ஒரு வாரம் அப்படியே செய்தேன். கொக்கு எந்த நிறம், இடையன் கையில் என்ன இருந்தது என்று கேட்கக் கேட்க, அவள் எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். தவறாகச் சொன்ன நாளில் முகம் வாடினாள். எட்டரைக்குப் படுத்த குழந்தை பத்தரை வரை விழித்திருந்தது. கேள்வி கேட்பதற்குப் பகல் முழுவதும் இருக்கிறது. படுக்கையில் ஒரு தேர்வை வைத்துவிட்டுத் தூக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பயமும் அப்படித்தான். மூன்று நான்கு வயதில் கற்பனை விரிகிற வேகத்தில் இருட்டைப் பற்றிய அச்சமும் வளர்கிறது. கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டைகூட ஆளாகத் தெரியும் வயது அது. கண்ணை மூடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சொன்னால் குழந்தை கண்ணை மூடும், ஆனால் உடம்பு விறைத்துக் கிடக்கும். மந்திரவாதியும் அரக்கனும் கதைகளில் இருக்கட்டும், அவர்களைப் பகலுக்கு அழைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் என்ன கதைதான் சொல்வது, எங்களுக்குக் கதையே தெரியாதே என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: புதிய கதையே வேண்டாம். குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் நிம்மதி. நான் சொல்லும் மற்றொரு கதையில் ஒன்றுமே நடக்காது. கடலிலிருந்து ஒரு படகு கடலூர் முதுநகர் முகத்துவாரத்துக்குள் மெல்ல வருகிறது. உப்பனாற்றில் நுழைந்ததும் எஞ்சினை நிறுத்துகிறார்கள். கயிற்றைக் கட்டுகிறார்கள். வலையை இறக்கி உலர்த்துகிறார்கள். வலை தூங்கப் போகிறது. ஐஸ் பெட்டி தூங்கப் போகிறது. மீனுக்குக் காத்திருந்த பூனை, கிடைத்ததைத் தின்றுவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கப் போகிறது. தண்ணீர் மட்டும் படகின் அடியில் தட்டிக்கொண்டே இருக்கிறது. இதை வாசித்தால் சுவையற்றதாகத் தோன்றும். முதுகில் கை வைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள். பூனையை நான் ஒருநாள் விட்டுவிட்டபோது, பாதித் தூக்கத்திலிருந்த என் மகள், "பூனை தூங்கலியே ம்மா" என்றாள். மறுபடி படகிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கதையைத் தாங்கி நிற்பது அதற்கு முந்தைய வரிசை. சாப்பாடு, பல் விளக்குதல், சிறுநீர் கழித்தல், விளக்கை அணைத்தல், கதை. இந்த வரிசை தினமும் மாறாமல் இருந்தால், விளக்கு அணைந்ததுமே குழந்தையின் உடல் தளரத் தொடங்கிவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மூன்று நான்கு நாள் அழுகையைப் பார்த்துக் கைவிட்டுவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஏறக்குறைய பத்து நாள் ஆயிற்று. என் கணவருக்குச் சுழற்சிப் பணி என்பதால் அவர் வீட்டிலிருக்கும் வாரங்களில் அவரே கதை சொல்கிறார். அவர் கதையில் ஈ பேருந்தில் ஏறி ஆல்பேட்டை வரை போய்விடும் என்பது வேறு விஷயம், ஆனால் வரிசையும் தாழ்ந்த குரலும் மாறுவதில்லை. தூங்க வைப்பது தாயின் வேலை என்று ஒதுங்கும் தந்தையர் இழப்பது ஒரு நாளின் மிக அமைதியான அரைமணி நேரத்தை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் குறட்டை விடுகிற, தூக்கத்தில் மூச்சுத் திணறுகிற குழந்தையை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். அதற்குக் கதை மருந்தாகாது.

கரிசல் மண்ணில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் பிற்காலத்தைப் புதுச்சேரியில் கழித்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார், 2021 மே மாதம் அங்கேயே காலமானார். அவர் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடித் திரட்டியதால் எத்தனையோ கதைகள் தாளில் பிழைத்தன. ஆனால் அவை எந்த இடத்தில் குரல் தணிந்து, எந்த இடத்தில் நீண்ட மூச்சோடு நின்றன என்பதைச் சொன்னவர்களின் பக்கத்தில் படுத்துக் கேட்டவர்கள்தான் அறிவோம். என் ஆயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மீனுக்குப் பிறகு வலைஞன் வருவான் என்பதும், அவன் கையில் ஒரு சட்டி இருக்கும் என்பதும், எங்கோ ஒரு குயவன் வருவான் என்பதும் நினைவிருக்கிறது. அதற்குப் பின் குதிரை வரையிலான கண்ணிகளை ஆயா எப்படிச் சொன்னார் என்பது எனக்கு மறந்துவிட்டது. அங்கு போய்ச் சேர்வதற்குள் நான் தினமும் தூங்கியிருக்கிறேன்.

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கத்து வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருந்தால், உங்கள் ஆயா குயவனுக்குப் பிறகு யாரைச் சொன்னார் என்று எழுதுங்கள். என் மகளுக்கு இப்போது வயது கூடிவிட்டது. சில இரவுகளில் குயவன் வந்த பிறகும் "உம்" தெளிவாகவே கேட்கிறது.