ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டியது யார்?

அமெரிக்காவில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது வக்கீலும் இல்லை, ஜாமீன் பணமும் இல்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்ற ஒரே ஒரு தகவல்தான். அதைக் கண்டுபிடிக்கிற வேலையை முழுக்கக் குடும்பத்தின் தலையில் கட்டியிருப்பது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். இங்கே நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு இப்படிப்பட்ட ராத்திரிகளில் உட்கார்ந்து தேடிக் கொடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருப்பார், இல்லையென்றால் வீட்டுச் சண்டை முற்றி யாரோ அவசர எண் 911-ஐக் கூப்பிட்டிருப்பார்கள். வீட்டு வன்முறைப் புகாரில் முகாந்திரம் இருந்தால் கைது செய்தே ஆக வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது, மனைவியே "வேண்டாம், விட்டுடுங்க" என்றாலும் விட மாட்டார்கள். "கவுண்டிக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்கண்ணா, எந்தக் கவுண்டின்னு கேக்கத் தோணல" என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொல்வாள்.

கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, எந்தக் கவுண்டி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்த நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள், டெக்சாஸில் மட்டும் 254. பெரும்பாலான இடங்களில் ஜெயில் ஷெரிஃப் கையில், ஷெரிஃப் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுண்டி போலீஸ் தலைவர். அதனால் ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி ஜெயில், தனி இணையதளம், தனி நடைமுறை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடுகிற அரசுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. டெக்சாஸில் நம்மவர்கள் நிறைய இருக்கிற ஃப்ரிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊரின் ஒரு பகுதி காலின் கவுண்டி, இன்னொரு பகுதி டென்டன் கவுண்டி. சிகாகோ பக்கம் நேப்பர்வில்லும் அப்படித்தான், ஒரு பகுதி டுபேஜ், இன்னொரு பகுதி வில். கைது நடந்த இடம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஆள் போகிற ஜெயில் மாறும், சில ஊர்களில் முதலில் ஊர் போலீஸின் சொந்த லாக்கப்பில் வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் கவுண்டிக்கு அனுப்புவார்கள். பதற்றத்தில் கூகுளில் தட்டினால் மாநிலச் சிறைத்துறையின் பக்கம் முதலில் வந்து நிற்கும். அது தண்டனை பெற்றவர்கள் இருக்கிற இடம், நேற்று ராத்திரி பிடித்த ஆள் அங்கே இருக்கவே மாட்டார். கனெக்டிகட், டெலவேர் மாதிரி சில மாநிலங்களில் கவுண்டி ஜெயிலே இல்லை, எல்லாம் மாநில அரசின் கையில். நியூயார்க் நகரத்தில் நகர நிர்வாகமே நடத்துகிறது. இதையெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

சரியான கவுண்டியைப் பிடித்தாலும் உடனே பெயர் வந்துவிடாது. கைரேகை, படம், உடைமைகளை எழுதி வாங்குவது, உடல்நிலை பற்றிய கேள்விகள், பழைய வாரண்ட் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் முடிந்து கணினியில் ஏறினால்தான் பெயர் தெரியும். இதைத்தான் புக்கிங் என்கிறார்கள். பல மணி நேரம் ஆகலாம், வார இறுதி ராத்திரியில் பெரிய ஜெயில் என்றால் இன்னும் இழுக்கும். 'பதிவு எதுவும் இல்லை' என்று திரையில் வந்தால் இன்னும் ஏறவில்லை என்று எடுத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள், ஜெயிலின் புக்கிங் பிரிவுக்கே போன் செய்தும் கேளுங்கள். அந்த இடைவெளியில் அவருடைய கைபேசி சீல் வைத்த பையில் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று வீட்டில் பயம் ஏறிக்கொண்டே போகும்.

பெயர் இன்னொரு தொல்லை. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, இல்லையென்றால் அங்கே அப்பா பெயர். ஒரே பெயர் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்து விடுவார்கள், அதே மூன்று எழுத்து ஓட்டுநர் உரிமத்திலும் ஏறியிருக்கலாம், அங்கிருந்து ஜெயில் பட்டியலுக்கும் போகும். அதனால் பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறந்த தேதியில் மாதத்தை முதலில் போடுங்கள். கிடைத்ததும் புக்கிங் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலானாலும் ஜாமீன் ஏஜென்டானாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இப்படித் தேட முடிகிறதே, அதுவே நல்ல விஷயம்தான், அதை நான் மறுக்கவே இல்லை. யாரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதை அரசு ஒளிக்கக் கூடாது. பட்டியல் பொதுவில் இருக்கிறவரை ஒருவரைச் சத்தமில்லாமல் காணாமல் போகச் செய்வது கஷ்டம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்தியாவில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், அவர் வெளியூர் என்றால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அது அப்புறம் சட்டத்திலும் ஏறியது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 48-வது பிரிவாக இருக்கிறது. நம்மூர் ஸ்டேஷன்களில் அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டிய கடமை போலீஸுடையது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வயது வந்த ஒருவர் கைதானால் குடும்பத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா முழுக்கப் பொருந்துகிற பொதுச் சட்டம் இல்லை. கலிஃபோர்னியாவில் கைதான 3 மணி நேரத்துக்குள் 3 போன் அழைப்பு, சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெற்றோர் என்றால் பிள்ளைக்கு ஏற்பாடு செய்ய இன்னும் இரண்டு என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கைபேசியைப் பிடுங்கி வைத்த பிறகு மனைவியின் எண் எத்தனை பேருக்கு மனப்பாடமாகத் தெரியும்?

சொல்ல வழியில்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. 1993-ல் கென்டக்கியின் லூயிவில்லில் ஒரு பெண்ணை அவளுடைய முன்னாள் காதலன் அவளது 21-வது பிறந்த நாளில் சுட்டுக் கொன்றான். அவளைத் தாக்கிய வழக்கில் உள்ளே இருந்தவன் வெளியே வந்தது அவளுக்கோ குடும்பத்துக்கோ தெரியாது. அடுத்த ஆண்டே அந்த ஊர் இருக்கிற ஜெபர்சன் கவுண்டியில் 'வைன்' என்ற ஏற்பாடு வந்தது. பெயரைப் பதிந்து வைத்தால் கைதி வெளியே வரும்போது போன் வரும், இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம். அடி வாங்கிய பெண்கள் கட்டாயம் பதிந்து வைக்க வேண்டியது இது. வெளியே வரும்போது தானாகப் போன் செய்கிற அமைப்பை 30 வருடத்துக்கு முன்பே கட்டியவர்களுக்கு, உள்ளே போகும்போது கைதி சொல்கிற ஒரு எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பத் தெரியாதா?

செய்தி அனுப்ப மாட்டார்கள், ஆனால் படத்தை மட்டும் உடனே ஊருக்கே காட்டிவிடுவார்கள். பல கவுண்டிகளில் பெயருக்குப் பக்கத்திலேயே தூக்கமில்லாத அந்த முகம். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, நீதிபதி முகத்தையே இன்னும் பார்க்கவில்லை. கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இப்படி விசாரணைக்குக் காத்திருப்பவர்கள்தான். அந்தப் படங்களை அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் தளத்தில் போட்டு, எடுக்க வேண்டுமென்றால் காசு கொடு என்று மிரட்டிச் சம்பாதித்த கூட்டம் உண்டு. வழக்கு தள்ளுபடியான பிறகும் வேலைக்கு எடுக்கிறவர் பெயரைத் தேடினால் அந்தப் படம்தான் வரும். படத்தை எடுக்கக் காசு கேட்பதைக் கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. குடும்பத்துக்கு வேண்டியது பெயர், இடம், புக்கிங் எண், ஜாமீன் தொகை, கோர்ட் தேதி. படம் எதற்கு? பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

இன்னும் மோசம் குடியேற்றத் துறை, அதாவது ஐஸ், பிடித்தால். அவர்கள் பல கவுண்டி ஜெயில்களில் இடம் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆள் கவுண்டி ஜெயில் கட்டிடத்துக்குள்ளேயே இருப்பார், கவுண்டி பட்டியலில் பெயர் இல்லாமலும் போகலாம். ஐஸின் தேடல் பக்கம் தனி, அங்கே ஏ-எண்ணும் (குடியேற்றத் துறை ஒருவருக்குக் கொடுக்கிற பதிவு எண்) பிறந்த நாடும் வேண்டும், இல்லையென்றால் பெயரை அவர்கள் எழுதியிருக்கிற அதே எழுத்தில் போட வேண்டும். அதற்குள் வேறு மாநிலத்துக்கு மாற்றியும் விடுவார்கள். வெளிநாட்டவர் கைதானால் அவருடைய தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு என்று 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. இந்தியர் விஷயத்தில் கைதானவர் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கலாம் என்பதை இங்கே விசாவில் இருக்கிற ஒவ்வொருவரும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மனைவி அல்லது கணவரின் எண்ணையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஊரில் இருக்கிற பெற்றோருக்கு ஒன்று. "உங்க பையன் ஜெயிலில் இருக்கான், உடனே பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால், அழுகிற குரல் பையன் குரல் மாதிரியே இருந்தாலும், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எந்தக் கவுண்டி, புக்கிங் எண் என்ன என்று கேட்டுவிட்டு வையுங்கள். பையனின் எண்ணுக்கே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் இங்கே தெரிந்தவர் யாரிடமாவது சொன்னால் அந்த ஜெயிலின் சொந்த எண்ணுக்கே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கிஃப்ட் கார்டில் ஜாமீன் வாங்குகிற ஜெயில் எதுவும் இல்லை.

உண்மையிலேயே உள்ளே இருந்து அழைப்பு வந்தால் அது பதிவாகிறது என்பதை நினைவில் வையுங்கள். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அவர் சொல்ல ஆரம்பித்தாலும் நிறுத்துங்கள். எந்த ஜெயில், புக்கிங் எண், கோர்ட் தேதி, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை கொடுத்தார்களா, இவ்வளவு கேட்டால் போதும். மீதியை வக்கீல் நேரில் கேட்டுக்கொள்வார்.