பால் ஆசிட்டில் போன் சார்ஜ் ஆகுமா?

ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட்டில் துத்தநாகம் பூசிய ஆணியும் செப்புக் கம்பியும் போட்டால், ஆசிட்டே எரிபொருளாகி போன் சார்ஜ் ஆகுமாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் இச்செய்தி தவறு.

அங்கே கரைவது ஆணியின் துத்தநாகம். அந்தச் சொற்ப மின்சாரம் அதிலிருந்துதான் வருகிறது, கூடவே தீப்பற்றும் ஹைட்ரஜனும். பார்மிக் அமிலத்தையே ஆக்சிஜனேற்றி மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலம் உண்மையில் உண்டு. அதன் மின்வாய்க்குப் பல்லேடியமோ பிளாட்டினக் கலப்புலோகமோ வேண்டும். தனிப் பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்டு வேலையை முடக்கும். அதனால்தான் பிஸ்மத் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். ஆணிக்கு அந்தத் திறன் ஏது?

ஐந்தாம் படிவ வேதியியல் பாடநூலில் மின்கலப் பாடத்தைப் பாருங்கள். ஆசிட் தோம்பின் லேபிளையும் படியுங்கள்: அடர் ஆசிட் கண்ணையும் தோலையும் பொசுக்கும். பிள்ளைகள் செய்துபார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து இதை இனிப் பகிராதீர்கள்.