24 அடி ரோட்டுல 240 குடும்பம்

சென்னைப் புறநகர்ல கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், முடிச்சூர், மாங்காடு, எந்தப் பக்கம் போனாலும் இதே கூத்துதான்: தனி வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்டுறது. "எல்லாம் முறையா அப்ரூவல் வாங்கித்தான் சார் கட்டுறோம்"னு பில்டர் மார்தட்டுறார். உண்மைதான், வாங்கித்தான் கட்டுறார். வயிறு எரியறதே அதுக்குத்தான்.

லேஅவுட் போட்ட காலத்துல ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, ஒரு குடும்பத்துக்கு. தெரு 24 அடி. 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் எஃப்எஸ்ஐ-யை, அதாவது மனை அளவுல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கை, 1.5-லேர்ந்து 2 ஆக்கிடுச்சு. அதே கிரவுண்டுல இப்ப 4,800 சதுர அடி எழுப்பலாம். கீழ தூண் மட்டும் நிக்கிற கார் பார்க்கிங் (ஸ்டில்ட்), மேல மூணு மாடி, மாடிக்கு ரெண்டு, ஆக 6 ஃபிளாட். 40 மனை உள்ள தெருவுல எல்லாரும் இடிச்சுக் கட்டினா 240 குடும்பம். தெரு மட்டும் அதே 24 அடி! அதுல ரெண்டு பக்கமும் கார் ஏற சாய்தளம் 3 அடி வீதம் ரோட்டுக்கு வந்துடும். அதை ஒட்டி ரெண்டு பக்கமும் 6 அடி அகலக் கார் நிறுத்தினா நடுவுல மிஞ்சுறது 6 அடி. தண்ணி லாரியோட அகலமே 8 அடி. தீயணைப்பு வண்டியைப் பத்திப் பேசவே வேணாம்.

லாரி வராமலும் முடியாது. வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர்னு அரசு நிர்ணயப்படியே போட்டாலும் தெருவுக்கு தினம் 1,29,600 லிட்டர். போர் வத்துற சித்திரை, வைகாசியில 12,000 லிட்டர் லாரி 11 நடை. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்? பாதாளச் சாக்கடை இல்லாத தெருவுல செப்டிக் டேங்க் பிளான்ல ஒரு சைஸ், குழியில ஒரு சைஸ். ஐப்பசியில நிலத்தடி நீர் ஏறினதும் உறிஞ்சு குழி வாங்காது. ராத்திரியோட ராத்திரியா ஒரு பைப்பை மழைநீர் வடிகால்ல சொருகிடுறாங்க. நாத்தம் தெருவுக்கு, அப்ரூவல் நம்பர் போர்டு வாசலுக்கு.

பார்க் கதை இதைவிட அசிங்கம். லேஅவுட் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினா, ரோடு போக மீதியில 10 சதவீதம் திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தானம் கொடுத்தே ஆகணும். அதுக்குக் கீழன்னா நிலத்துக்குப் பதிலா பணம் கட்டிட்டுப் போயிடலாம். 10,000 சதுர மீட்டர்னா ஏறக்குறைய 2.47 ஏக்கர். அதனாலதான் 7 ஏக்கர் தோப்பு 2.4, 2.3, 2.3-ன்னு மூணு பேர்ல மூணு லேஅவுட்டா வருது. மூணுக்கும் சேர்த்து ஒரு ஊஞ்சல் போட இடம் கிடையாது. நிலமாவே கொடுத்தாலும் நிம்மதி இல்ல. தானப் பத்திரம் பதிவாகும், பட்டா மட்டும் பழைய ஓனர் பேர்லயே தூங்கும். பத்து வருஷம் கழிச்சு அந்தப் பார்க்கையே மனையா வித்துடுவான். மனை வாங்குறவங்க தன் மனைக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்தா பத்தாது. பார்க்கோட சர்வே எண்ணுக்கும் போடுங்க, பட்டா உள்ளாட்சி பேருக்கு மாறியிருக்கான்னும் பாருங்க.

2017 வரன்முறைத் திட்டம் வேற. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பிரிச்ச அங்கீகாரமில்லா மனைக்கெல்லாம் கட்டணம் வாங்கிட்டு நம்பர் கொடுத்தாங்க. ரோடு? இருக்கிறபடியே. 12 அடி சந்து 12 அடி சந்தாவே புனிதமாயிடுச்சு.

வாய்க்காலுக்கும் அதே கதிதான். எஃப்எம்பி-யில, அதாவது சர்வே துறையோட புல வரைபடத்துல, வாய்க்கால் புறம்போக்கு பத்து அடி அகலம் காட்டும். நேர்ல போனா ரெண்டடி ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்), மேல தார் ரோடு. 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல படகு விட்டதை எல்லாரும் டிவியில பார்த்தோம். அதுக்கு மூணு வருஷம் சொச்சம் கழிச்சு வந்த விதியிலதான் எஃப்எஸ்ஐ ஏறுச்சு.

ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா அளக்குறாங்க. முன்னாடி எத்தனை அடி விட்டான், பக்கத்துல எத்தனை அடி விட்டான், எல்லாத்துக்கும் டேப் இருக்கு. இந்தத் தெருவுல ஏற்கெனவே எத்தனை ஃபிளாட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கோம்னு கூட்டிப் பார்க்க அந்த ஃபார்ம்ல ஒரு கட்டம்கூடக் கிடையாதா? வளர்ச்சிக் கட்டணம் எழுதுற கட்டம் மட்டும் பளிச்சுனு இருக்கு.