பழைய கோயில் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது. சுவர் உதிர்கிறதாம். உதிர்வது உண்மைதான், ஆனால் எது உதிர்கிறது என்று கிட்டே போய் யாராவது பார்த்தோமா?

கூட்டம் கலைந்ததும் போய்ப் பார்த்தேன். பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்துக் கிடக்கிறது. விரலை மடக்கித் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம். லேசாக நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. அது சில வருசத்துக்கு முன்னால் மராமத்து என்று பூசிய சிமெண்ட். அதற்கு அடியில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை, ஈரம் கோத்திருந்தும், இன்னும் செங்கல்லை விடவில்லை.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதை நாம் மறக்கலாமா? கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள் நூறு வருசம் தாண்டியும் கண்ணாடி மாதிரி இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் உப்பைக் கிளப்பிப் பூச்சையே தள்ளிவிடும். இதுதான் நம் கோயிலில் நடந்திருக்கிறது, கட்டடம் கெட்டுப்போகவில்லை.

இந்தச் சீமைக்குக் கிறிஸ்தவ வேதம் நேற்று வந்ததில்லை. ஓரியூரில் வேதம் போதித்த அருளானந்தர் வேதத்துக்காக வெட்டுப்பட்டது 1693 பிப்ரவரி 4. இடைக்காட்டூரில் பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தின் சாயலில் கோயில் எழுந்தது 1894. அவற்றைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நம்முடையது மாதிரி சின்ன ஊர்க் கோயிலுக்கு நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? என் அப்பத்தா கல்யாணம் முடித்து வந்த நாளில் முழங்காலில் நின்ற இடம் அது.

காரை வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு பூச வேண்டும் என்றார். சாமியாரிடம் நான் கேட்டது ஒரே ஒரு சுவர். அந்த இடப்பக்கச் சுவரை மட்டும் இப்படிச் செய்துவிட்டு, ஐப்பசி மழை முடியும்வரை பொறுத்துப் பார்ப்போம், இடிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றேன். சரி என்றிருக்கிறார். அப்படியே சாமியார் அறைப் பெட்டியில் கிடக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கரையான் அரிப்பதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

சுண்ணாம்பு ஊறவே நாளாகும் என்று பெரியவர் அவசரப்படுத்துகிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் யார் யார் ஒரு கை கொடுக்க வருவீர்கள்? இன்றைக்கே சொல்லுங்கள்.