பூட்டுக் குறி இருந்தால் அசல் கடையா?

"தீபாவளி ஆஃபர் லிங்க் வந்தா பயப்படாதீங்க. முகவரிக்கு முன்னாடி பூட்டுக் குறி இருந்தா அது அசல் கடைதானுங்க." ஈரோடு, திருப்பூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் விவரத்தை வேறு யாரும் படிக்க முடியாது. பூட்டுக்கு அர்த்தம் அவ்வளவுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. பூட்டுக் குறி வரத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும்தான். பலர் இப்படித் தப்பாக நம்புவதால்தான் கூகுள் குரோம் 2023இல் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரியை, எழுத்து எழுத்தாக. போலித் தளத்தில் தெரிந்த கடைப் பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். உள்ளே போனால் சென்னிமலை பெட்ஷீட் படம், "மூன்று 199 ரூபாய்" (நூல் விலைக்காவது கட்டுமா?), ஆஃபர் முடிய இன்னும் இவ்வளவு நேரம்தான் என்று கீழே ஓடும் கடிகாரம். பக்கத்தை மூடித் திறங்கள்; பல போலித் தளங்களில் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம், யுபிஐ பின் போடுங்கள் என்றாலும் மோசடிதான். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் கடைக்காரரோடு வாதாடி நேரத்தை விடாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.