டெஸ்ட்டுக்குள் டிலே போடுவதை எப்போதுதான் நிறுத்தப் போகிறீர்கள்?

இன்னொரு யூனிட் டெஸ்ட்டை, அதாவது கோடின் ஒரு சிறு பகுதியைத் தனியாகச் சோதிக்கும் கோடைத் திறக்கிறேன், நட்ட நடுவில் டிலே(600): 600 மில்லிசெகண்ட் எதுவும் செய்யாமல் நில் என்ற கட்டளை. வயிறு எரிகிறது.

நாங்கள் கோடு எழுதும் சின்ன கன்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ யூனோ ஆர்3-இல் இருப்பது ஒரே ஒரு லூப், திரும்பத் திரும்பச் சுற்றி ஓடும் கோடு. பக்கத்திலேயே இன்னொரு வேலையை ஓட்ட த்ரெட் கிடையாது, ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. அஸின்க் (ஒரு வேலை முடியக் காத்து நிற்காமல் மற்றதைப் பார்ப்பது) என்று நாம் சொல்வதெல்லாம், லூப் ஒவ்வொரு சுற்றிலும் வந்து "நேரம் ஆச்சா?" என்று பார்த்துவிட்டுப் போவதுதான். டெஸ்ட்டுக்குள் டிலே போட்டால் அந்தச் சுற்றே நின்றுவிடுகிறது. வர வேண்டியவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று அவருக்காகக் காத்திருப்பதில் என்ன நியாயம்?

சென்சார் தன் பாட்டுக்கு அளந்துகொள்ளும் வகையாக இருந்தால் இன்னும் மோசம். அப்போது டெஸ்ட் பாஸ் ஆகித் தொலைக்கும்! டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் 12 பிட் நுணுக்கத்தில் அளந்து முடிக்க அதிகபட்சம் 750 மில்லிசெகண்ட் ஆகும். டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. பிறகு 600 எங்கிருந்து வந்தது? மேசை மேல் இருந்த சென்சார் சீக்கிரம் முடித்துவிட்டது, டெஸ்ட்டும் பாஸ் ஆனது, அவ்வளவுதான். அதே 600 மெயின் கோடிலும் போய் உட்கார்ந்துகொண்டது. மீன் வைக்கும் குளிர் அறையில் வேறொரு சென்சாரை மாட்டினார்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் முதல் ரீடிங் 85 டிகிரி. பவர் வந்ததும் அந்தச் சிப்பின் ரெஜிஸ்டரில் இருக்கும் மதிப்பு அது. அளந்து முடிக்கும் முன் படித்தால் அதுதான் கிடைக்கும். நடு ராத்திரியில் அலாரம் அடித்து, ஓடி வந்து கதவைத் திறந்து பார்த்தவர் வாட்ச்மேன். அவர் என்ன பாவம் செய்தார்?

கருவி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆர்டுயினோவுக்கு டெஸ்ட் எழுத ஏயூனிட் 2018-லிருந்து இருக்கிறது. யூனோவின் 32 கேபி ஃபிளாஷுக்கும் 2 கேபி ராமுக்கும் தோதாக, எடை குறைவாக எழுதிய லைப்ரரி. அதில் 'டெஸ்ட்டிங்' என்று ஒரு மேக்ரோ (டெஸ்ட் எழுதும் குறுங்கட்டளை) உண்டு. பாஸ் அல்லது ஃபெயில் என்று நாம் சொல்லும்வரை லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த டெஸ்ட்டைத் திரும்பக் கூப்பிடும். முடியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், நாம் வேறு கெடு வைக்காதவரை 10 செகண்டில் அதுவே வெட்டிவிடும். வேறென்ன வேண்டும்?

அப்புறம் அந்தக் கடிகாரம். போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும் மில்லிஸை அங்கங்கே நேரடியாகக் கூப்பிடாமல் நேரத்தை வெளியிலிருந்து உள்ளே கொடுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியாகிவிட்டது. மில்லிஸ் 32 பிட் எண். 49 நாள் 17 மணி நேரத்தில் சுற்றி மறுபடி 0-க்கு வந்துவிடும். அதைப் பார்க்க ஏழு வாரம் போர்டை ஓடவிட்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? நேரத்தை நாமே கொடுக்கும் போலிக் கடிகாரம் இருந்தால், எண் சுற்றுவதற்குச் சற்று முன், 4294967290-லிருந்து தொடங்கினால் போதும். "தொடக்கம் கூட்டல் 750" என்று கெடு வைத்திருந்தால், கெடு 744 ஆகச் சுருங்கி, சென்சார் அளந்து முடிக்கும் முன்பே கோடு படித்துவிடும். பக் அந்தக் கணமே கையில் சிக்கும். "இப்போது கழித்தல் தொடக்கம்" என்று எழுதியிருந்தால் எண் சுற்றினாலும் கணக்குத் தப்பாது. ஒரு வரி வித்தியாசம், ஐயா!

இதையெல்லாம் சொன்னால் "சின்ன போர்டுதானே, எல்இடி மினுக்குது, அனுப்பிடலாம்" என்கிறார்கள். டெஸ்ட் ஃபெயில் ஆனால் 600-ஐ 800 ஆக்குகிறார்கள். அடுத்து 1000.

சரி, இனிமேல் டிலே வைத்த டெஸ்ட் ரிவ்யூவுக்கு வந்தால் நான் அப்ரூவ் பண்ண மாட்டேன். ரிலீஸ் நாளைக்கே என்றாலும் சரி, கேட்பது யாராக இருந்தாலும் சரி.