ரீல்ஸ் பார்த்து மேடை கொடுக்காதீர்கள்

கள்ளப்போதனையை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஒரு ஊழியக்காரர் இன்னொரு ஊழியக்காரரின் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கிழிப்பதைத்தான் யூடியூபில் இப்போது அதிகம் பார்க்கிறோம். விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. அதனால் எந்தச் சபை பிழைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. சபையைக் காப்பது கமிட்டி அறையில் நடக்க வேண்டிய வேலை. யாருக்கு மைக் கொடுக்கிறோம், வீட்டுக் கூட்டத்தில் யார் பேசுகிறார், வாட்ஸ்அப் குரூப்பில் யார் ஆடியோ போடுகிறார், காணிக்கை எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பார்க்கும் வேலை. சுவாரசியமே இல்லாதது. யாரும் கைதட்ட மாட்டார்கள். அதனால்தான் பல சபைகளில் அது நடப்பதே இல்லை.

மிலேத்துவில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்துப் பேசியது அப்போஸ்தலர் 20இல் இருக்கிறது. "கொடிதான ஓநாய்கள்" வரும் என்ற வசனத்தை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அடுத்த 30ஆம் வசனம் அவ்வளவாக வெளியே வருவதில்லை. "உங்களிலும் சிலர் எழும்பி" என்று, எதிரே உட்கார்ந்திருந்த அந்த மூப்பர்களைப் பார்த்தே சொல்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போதும் "பக்கவழியாய் நுழைந்த கள்ளச்சகோதரர்" என்கிறார். நம் சபைகளில் அந்தப் பக்கவழிகள் எவை என்று பார்ப்போம்.

சி.எஸ்.ஐ.யோ லுத்தரனோ பெந்தெகொஸ்தேயோ, ஞாயிறு காலைப் பிரசங்கத்தில் பெரிய கோளாறு வருவது குறைவு. கேட்பவர்களில் பழைய ஆட்கள் இருப்பார்கள், போதகரும் யோசித்துப் பேசுவார். கோளாறு நுழைவது மூன்று நாள் கன்வென்ஷனில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், பெண்கள் ஐக்கியத்தின் விசேஷக் கூட்டத்தில், வாலிபர் முகாமில். இவற்றுக்கு ஆள் பிடிக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கமிட்டியில் ஒருவர் போனை நீட்டி ஒரு நிமிட வீடியோ காட்டுவார். "நல்ல அபிஷேகம் உள்ளவர், கூட்டம் வரும்" என்பார். தேதி வாங்கியாச்சு, ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்கிற திரித்துவத்தைப் பற்றி அவர் என்ன நம்புகிறார், எந்தச் சபையைச் சேர்ந்தவர், அவர் தவறினால் கேட்க ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

அழைக்கும் முன் இரண்டு மூப்பர்களாவது, தனித்தனியாக, அவருடைய முழுச் செய்திகள் மூன்றைக் கேட்க வேண்டும். வெட்டி ஒட்டிய துண்டுகள் கணக்கில் வராது. மூன்றில் ஒன்று காணிக்கையைப் பற்றியதாக இருக்கட்டும். ஒருவருடைய உபதேசம் எப்படிப்பட்டது என்பது காணிக்கைச் செய்தியில் சட்டென்று தெரிந்துவிடும். கேட்கும்போது தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவர் வாசித்த வசனம், வலப்பக்கம் அதிலிருந்து அவர் எடுத்த கருத்து. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு வசனம் முதல் இரண்டு நிமிடத்தோடு முடிந்துவிடும், மீதி முழுக்கச் சம்பவமும் சவாலும்தான். மூன்று செய்தியிலும் பாவம், மனந்திரும்புதல், கிறிஸ்து எதற்காக மரித்தார் என்பது ஒருமுறைகூட வரவில்லையென்றால், அவர் தவறாக ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் அழைக்காதீர்கள். கள்ளப்போதனையில் பாதி, சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

அழைப்பை எழுத்தில் கொடுங்கள். எந்த வேதபகுதி, எத்தனை நிமிடம், காணிக்கை அறிவிப்பைச் சபைதான் செய்யும், மேடையிலிருந்து தனிநபருக்குத் தீர்க்கதரிசனம் கூடாது, எண்ணெய் கர்ச்சீப் விற்பனை கூடாது, ஜனங்களின் போன் நம்பரைத் திரட்டக் கூடாது. பயணப்படியும் அன்பளிப்பும் எவ்வளவு என்று முன்பே பேசி, பொருளாளர் வவுச்சர் போட்டுக் கொடுக்கட்டும். இதைப் படித்துவிட்டு "ஆவியானவரைக் கட்டுப்படுத்துகிறீர்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் வராமலிருப்பதே லாபம்.

இந்தக் கண்டிப்பு புதிதல்ல. தீதாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், ஊர் ஊராக வருகிற ஊழியக்காரர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி என்கிறது. கிளம்பும்போது வழிக்கு ரொட்டி வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லித் தனக்குப் பணம் கேட்டால் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் குற்றம் சொல்லாதே என்றும் பிரித்துச் சொல்கிறது. நம் கன்வென்ஷன்களுக்கு அந்த அளவுகோலை வைத்தால் எத்தனை மேடை மிஞ்சும் என்று தெரியவில்லை.

கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் மைக் போதகர் கையில் இருக்க வேண்டும். பேசியவர் எல்லை தாண்டினால் நடுவில் மைக்கைப் பிடுங்க வேண்டாம், அது அவரைத் தியாகியாக்கிவிடும். முடிவு ஜெபத்துக்கு முன், "இன்று இப்படி ஒரு காரியம் சொல்லப்பட்டது, நம் சபை விசுவசிப்பது இது" என்று இரண்டு வாக்கியம் போதும். அந்த வாரத்திலேயே அவரிடம் தனியாகப் பேசுங்கள். அப்போஸ்தலர் 18இல், அப்பொல்லோ என்ற பிரசங்கி ஜெப ஆலயத்தில் பேசியதில் குறை இருந்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவனைச் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்தார்கள். கேட்டுத் திருந்துகிறவர் அப்பொல்லோ. கேட்க மறுப்பவருக்குத் தீத்து 3:10 இருக்கிறது, இரண்டொருதரம் புத்தி சொல்லிவிட்டு விலக வேண்டியதுதான்.

ஆள் வடிகட்டுவது ஒரு பக்கம். ஜனங்களுக்கு வசனத்தைச் சோதிக்கக் கற்றுக்கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம். பிரிட்ஜில் ஒட்டியிருப்போம். அது பாபிலோனுக்குச் சிறையாய்ப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆலயத்தின் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) இரண்டு வருஷத்தில் திரும்பிவரும் என்று ஜனங்கள் முன்னால் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்தும் போகிறான். அதற்கு அடுத்து வருகிறது இந்தக் கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. இருபது வயதில் போனவனுக்கு எழுபது வருஷம் கழித்துத் தொண்ணூறு. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மண்ணுக்குள் போகப்போகிறவர்கள். "உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள்" என்ற எச்சரிப்பும் அதே கடிதத்தில், 8ஆம் வசனத்தில் இருக்கிறது. இந்த வருஷமே விசா, இந்த மாதமே திருமணம் என்று சொல்ல அனனியாவின் ஆட்கள் இன்று பிடித்துக்கொண்டிருப்பது, அனனியாக்களை நம்பாதே என்று எழுதின கடிதத்தை.

இதைச் சபையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, 28ஆம் அதிகாரத்தையும் 29ஐயும் சத்தமாக வாசிக்கச் செய்தால் போதும். யார் யாருக்குச் சொன்னது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, கிறிஸ்துவின் வருகைக்குப் பின் இது நமக்கு எப்படிப் பொருந்துகிறது. இதே கேள்விகளை 3 யோவான் 2க்கும் போடுங்கள். "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி" என்பது காயுவுக்கு யோவான் எழுதின கடிதத்தின் நலம் விசாரிப்பு. அதைத் தேவன் எல்லோருக்கும் கொடுத்த செல்வ வாக்குறுதியாக மாற்றியதும், காணிக்கையை விதையென்று சொல்லி அறுவடைக் கணக்குப் பார்க்கப் பழக்கியதும் கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் போன்ற டிவி பிரசங்கிகளால் பரவியவை.

தீர்க்கதரிசனத்தை மொத்தமாக மூடச் சொல்லவில்லை. அற்பமாயெண்ணாதிருங்கள் என்றும் சோதித்துப்பாருங்கள் என்றும் ஒரே மூச்சில்தான் பவுல் சொல்கிறார். இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்பது 1 கொரிந்தியர் 14:29. நிதானிக்க வேண்டுமானால் பதிவு வேண்டும். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டு வந்தாலே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கல்யாணம், பிரிவு, சொத்து விற்பனை, குழந்தைப்பேறு இவற்றைப் பற்றி ஒருவரைத் தனியறையில் வைத்துச் சொல்ல அனுமதிக்கவே கூடாது.

மருந்து விஷயத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம். "விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்து" என்று எவர் சொன்னாலும் அன்றோடு அவருக்கு மேடை முடிந்தது. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றதும் சுகமாயிற்று என்று சாட்சி சொல்லிப் பாதியில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பி வரக்கூடும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவக்கூடும். சுகச்சாட்சி சொல்ல மைக் கேட்பவரிடம் டாக்டர் சீட்டைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. சுகமான குஷ்டரோகியை இயேசுவே, சுகத்தைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த ஆசாரியனிடம் போய்க் காண்பி என்றுதான் அனுப்பினார்.

அடுத்து போன். சபை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் எதையும் போடலாம் என்று வைத்திருந்தால் அது காவல் இல்லாத மேடை. அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றுங்கள், அட்மினாக இரண்டு மூப்பர்கள் இருக்கட்டும், ஜெப விண்ணப்பத்துக்குத் தனிக் குரூப் வையுங்கள். இன்னொன்று, இலவச ஆன்லைன் வேதபாட வகுப்பு. நடத்துவது எந்தச் சபை என்று கேட்டால் "எல்லாச் சபைக்கும் பொதுவானது" என்பார்கள். முதல் சில வாரம் உவமைகளும் தானியேலும் நன்றாகவே போகும். பிறகு "இதை உங்கள் பாஸ்டரிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவருக்குப் புரியாது" என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தை போதும், வெளியே வந்துவிடலாம் என்று வாலிபர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாட்டையும் கவனிக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியஸ் தன் கருத்தைச் செய்யுளாக்கினார். கப்பல்காரருக்கும் மாவரைக்கிறவர்களுக்கும் பாட்டு எழுதினார் என்று பழைய சபைச் சரித்திரம் சொல்கிறது. 325இல் பிஷப்புகள் கூடிய நிசேயா சங்கம் அவரைத் தள்ளிய பிறகும் அந்த உபதேசம் ஓயப் பல பத்தாண்டுகள் ஆயின. பாடகர் குழு புதுப் பாட்டு எடுக்கும்போது ராகத்துக்கு முன் வரிகளைப் போதகர் பார்க்கட்டும்.

ஆனால் எத்தனை பூட்டுப் போட்டாலும், சரியான உபதேசம் தெரியாத சபையைக் காக்க முடியாது. 1528இல் சாக்சனி சபைகளைச் சுற்றிப் பார்த்த லூத்தர், ஜனங்களுக்கு விசுவாசப் பிரமாணம்கூடத் தெரியாததைக் கண்டு அடுத்த வருஷமே சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலை எழுதினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழில் தந்தார். நம் பாட்டிமார் அதை மனப்பாடம் சொன்னார்கள். இன்று திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பு பல இடங்களில் அவசரச் சடங்காகிவிட்டது. வாரம் ஒரு வாக்கியமாக விசுவாசப் பிரமாணத்தை ஒரு காலாண்டுக்கு எடுத்து விளக்குங்கள். வருஷத்தில் ஒரு நிருபத்தையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிரசங்கியுங்கள். 1 யோவான் ஐந்தே அதிகாரம், இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தனக்குப் பிடிக்காததையெல்லாம் வேதப்புரட்டு என்று முத்திரை குத்துகிற மூப்பர்கள் சபையை உடைத்திருக்கிறார்கள். கிறிஸ்து யார், இரட்சிப்பு எப்படி, உயிர்த்தெழுதல் உண்மையா என்பவற்றில் மாற்றுப் போதனை வந்தால் விட்டுக்கொடுக்க முடியாது. குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, அந்நியபாஷை உண்டா என்பவை சபைப்பிரிவுகளின் வேறுபாடு. நகை போடுவதா வேண்டாமா என்பதற்கு அந்த அளவுகூட இடம் கொடுக்கக் கூடாது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால், நிஜமான ஓநாய் வரும்போது யாரும் நம் சத்தத்தைக் கேட்க மாட்டார்கள்.

ஒரு குடும்பம் வேறு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டால் பிரசங்கத்தில் குத்திப் பேசாதீர்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போங்கள், முதல் சந்திப்பில் வாக்குவாதம் வேண்டாம். பெரும்பாலும் அங்கே ஒரு கடன் இருக்கும், பிள்ளையில்லாத ஏக்கம் இருக்கும், வேலையில்லாத மகன் இருப்பான். அந்தக் கூட்டத்தார் தினமும் போன் பண்ணி ஜெபித்திருப்பார்கள். நம்மில் ஒருவரும் போயிருக்க மாட்டோம். சிலருக்கு இரக்கம் பாராட்டுங்கள் என்ற யூதா நிருபத்தின் வார்த்தை இவர்களுக்குத்தான்.

கடைசியாக, போதகரே தவறினால்? மூப்பனுக்கு விரோதமான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. அடுத்த வசனம் பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. வதந்திக்கு முதல் வசனம், மூடிமறைப்புக்கு இரண்டாவது. பிஷப்பின் கீழுள்ள திருமண்டலங்களில் மேல்முறையீட்டுக்கு ஒரு வழியாவது இருக்கிறது. தனிச் சபைகளில் பாஸ்டரும் மனைவியும் மகனுமே டிரஸ்டிகளாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? டிரஸ்டைப் பதிவு செய்யும்போதே கவனியுங்கள். டிரஸ்டிகளில் பாதிக்குமேல் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். விசுவாச அறிக்கையைப் பத்திரத்திலேயே சேருங்கள், அதிலிருந்து விலகும் போதகரை நீக்க எத்தனை பேர் வாக்கு வேண்டும் என்று எண்ணாகவே எழுதுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, வருஷா வருஷம் வெளி ஆடிட்டர். ஏற்கெனவே பதிந்த பத்திரம் என்றால் அதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, சண்டை வருவதற்கு முன்பே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.